யார் வீட்டுப் பெண்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் சேலத்துக்காரன். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே நண்பர்கள் ஐந்து பேருடன் சேர்ந்து 85 நிமிடப் பேய்ப்படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறேன். மொத்தச் செலவு 9 லட்சம். ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் 12 நாள் படப்பிடிப்பு. பாட்டி இறந்த செய்தி கேட்டு 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் திரும்பும் பெண், அந்தப் பங்களாவில் நூறாண்டுக்கு முன் கொலையுண்ட துரைசானியின் ஆவியைச் சந்திக்கிறாள். கொலையில் தன் கொள்ளுத்தாத்தாவுக்கும் பங்கு உண்டு என்று கடைசியில் ஒரு டைரி வழியாகத் தெரிந்துகொள்கிறாள்.

சென்ற மாதம் சேலத்தில் தெரிந்தவர்கள் அறுபது பேருக்குப் போட்டுக் காட்டினோம். ஆவி வரும் இடங்களில் சிரித்தார்கள். கதாநாயகி தன் பெரியம்மா வீட்டில் சாப்பிடும் காட்சியில் மட்டும் கூடம் அமைதியாக இருந்தது. அது என் சொந்தப் பெரியம்மாவின் வீடு. நடித்தவரும் அவரே. வசனம்கூட எழுதித் தரவில்லை. சுவரில் தெரியும் வெளிறிய சதுரமும் நாங்கள் செய்ததல்ல, அங்கேயே இருந்தது. ஆனால் காட்சி நான்கு நிமிடம் இழுக்கிறது, வெட்டிவிடலாம் என்கிறான் எடிட்டர்.

இன்னும் இரண்டு லட்சம் புரட்ட முடியும். கிராபிக்ஸில் செலவிட்டால் ஆவி சரியாக வருமா? “பேய்ப்படம் எடுக்கவா உன்னைப் படிக்க வைத்தேன்” என்று அப்பா கேட்கிறார். இது தாழ்ந்த வகைதானா? படத்தை அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.

எம்., சேலம்

அன்புள்ள எம்.,

படத்தை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை இரவில், விளக்கை அணைத்துவிட்டு. மறுநாள் பகலில், கையில் காகிதத்துடன். சாப்பாட்டுக் காட்சியை மட்டும் நான்கு முறை பார்த்தேன்.

பெரியம்மா இலை போடுகிறார். கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றுகிறார். அந்தப் பெண் நிமிர்ந்து சுவரைப் பார்க்கிறாள். சுண்ணாம்பு மங்கிப்போன சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. “அங்கே யார் படம் இருந்தது பெரியம்மா?” என்கிறாள். “குழம்பு ஆறிவிடும், சாப்பிடு” என்கிறார் பெரியம்மா. வெளியே திண்ணையில் யாரோ ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். போதும் போதும் என்று அவள் இலையை மறைத்தும் பெரியம்மா இன்னொரு கரண்டி சோறு வைக்கிறார். என் கழுத்தின் பின்புறம் சில்லிட்டது. உங்கள் துரைசானி ஏழு முறை வந்தும் அது நடக்கவில்லை.

ரகசியம் என்றால் யாருக்கும் தெரியாதது என்று எண்ணிக் கதையைக் கட்டியிருக்கிறீர்கள். அதனால்தான் உங்களுக்கு டைரி தேவைப்படுகிறது, பூட்டிய அறை தேவைப்படுகிறது. நம் ஊர்களில் அப்படிப்பட்ட ரகசியம் ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. ஒரு வீட்டில் நடந்தது அடுத்த வீட்டுக்குத் தெரியும், குழாயடிக்குத் தெரியும், பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சிக்கு எல்லாமே தெரியும். தெரியாதவர் ஒரே ஒருவர்தான், அந்த வீட்டிலிருந்து சிறு வயதிலேயே வெளியூருக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. உங்கள் கதாநாயகி 15 ஆண்டுகள் ஏன் வரவில்லை? “படிப்பு, அப்புறம் வேலை” என்று ஒரே வசனத்தில் தாண்டிவிட்டீர்கள். அவளை யார் அனுப்பினார்கள், எந்த வாரத்தில் அனுப்பினார்கள், அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது? படம் தொடங்க வேண்டிய கேள்வி இதுதான். நூறாண்டுக்கு முந்தைய கொலைக்கு இன்று யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார்கள். பதினைந்தாண்டுக்கு முந்தையது என்றால், சம்பந்தப்பட்டவர்களே எதிரில் உட்கார்ந்து மோர் ஊற்றுவார்கள்.

அடிவாரத்திலிருந்து மேலே போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ட்ரோனிலிருந்து காட்டித் தொடங்குகிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சுற்றுலா வருகிறவரின் கண். ஊர் திரும்புகிறவள் பஸ்ஸில் வருவாள். பக்கத்தில் வந்து உட்காரும் கிழவி அவள் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, “நீ யார் வீட்டுப் பெண்?” என்று கேட்பாள். பதில் சொன்னதும் ஒரு கணம் பேச்சு நின்றுபோகும். “அப்படியா” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். பிறகு ஏற்காடு வரும்வரை ஒரு வார்த்தையும் இல்லை. இவளுக்கு அங்கே யாரையும் தெரியாது, இவளை எல்லோருக்கும் தெரியும். ஊர் திரும்புதல் பற்றிய எந்தப் பேய்ப்படத்துக்கும் இந்த ஒரு நிலைமை போதும். இரண்டு டிக்கெட் செலவில் இதை எடுக்கலாம்.

துரைசானி விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். பழைய பங்களா, பியானோ, வெள்ளை கவுன். இவை ஏற்காட்டிலிருந்து வந்தவை அல்ல, நீங்கள் பார்த்த படங்களிலிருந்து வந்தவை. அந்த பங்களா எப்படி அங்கே வந்தது என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதன்பின் காடு எஸ்டேட்டாக மாறியது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே வாழ்ந்துவருகிறவர்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. தமிழ் பேசுகிறவர்கள். மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் அந்தப் பெயரை விளக்குவோர் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையில் தங்கினார்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்கிறார்கள். மலை உச்சிக் குகையில் சேர்வராயனையும் காவேரியம்மனையும் வைத்து வணங்குகிறார்கள். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் அங்கே கூடும்.

அவர்களில் ஒருவருக்கு உங்கள் படத்தில் என்ன வேலை? கையில் லாந்தர் விளக்குடன் வந்து “ராத்திரியில் அந்தப் பக்கம் போகாதீர்கள்” என்று சொல்லிவிட்டு முதல் பாதியிலேயே செத்துப்போகும் வாட்ச்மேன். மண் கை மாறியது, காடு போனது, எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் தலைமுறைகள் வாழ்ந்து முடிந்தன. அந்த பங்களாவில் இருள் இருக்கிறதென்றால் அது பியானோவில் இல்லை. நீங்கள் அதைத் தொடத் தயாராக இல்லையென்றால் பங்களாவையே விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடலாம். கீழே, சேலத்தில், உங்கள் பெரியம்மா வீட்டிலேயே படம் இருக்கிறது.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீடு வாழப்பாடிப் பக்கம். நம் பகுதிகளில் பூவாடைக்காரி கும்பிடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். வாழ வேண்டிய வயதில் போய்விட்ட பெண்ணை வீட்டுச் சாமியாக வைத்து, கல்யாணம் காட்சி என்றால் முதல் துணியை அவளுக்குப் படைப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் தங்கை ஒருத்தி ஒன்பது வயதில் காய்ச்சலில் இறந்திருந்தாள். அவளுக்காக ஆண்டுக்கொருமுறை உள்ளறை மூலையில் முறத்தின் மேல் பாவாடை சட்டை, வளையல், பொட்டு, சர்க்கரை போட்ட பால் எல்லாம் வைப்பார்கள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அதைக் கவனித்துப் பார்த்தேன். பாவாடை இரண்டு இருந்தது. ஒன்று ஒன்பது வயதுப் பெண்ணுக்கானது. மற்றது என் உள்ளங்கையை விடச் சற்றே பெரிய சிவப்புத் துணி, நாடா கூடத் தைக்காதது. “இது யாருக்கு?” என்று கேட்டேன். “சாமிக்கு” என்றாள் அம்மாயி. “சாமி ஒன்றுதானே?” என்றேன். சித்தி என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கொய்யாப்பழம் பறித்துக் கொடுத்தாள். எனக்குப் பசி இல்லை என்று சொல்லியும் இரண்டு பழம் கொடுத்தாள்.

1992ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கிய இடம் நம் சேலம் மாவட்டம். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஓர் அரசாங்கம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்த மாவட்டம் இது. அதற்கு முந்தைய ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் இங்கே ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் ஏறத்தாழ 850 பேர்தான். அந்தச் செய்தியைக் கல்லூரி விடுமுறையில் அம்மாயிக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கை நின்றது. “அப்போது தொட்டில் வைக்க யாரும் இல்லையே சாமி” என்றாள். பிறகு சுண்ணாம்பைத் தடவி, மடித்து, வாயில் போட்டுக்கொண்டாள். நான் அதற்குமேல் கேட்கவில்லை. அவள் இறக்கும்வரை கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகப் பயங்கரமான வாக்கியம் அது. சொன்னவள் என்னைத் தூக்கி வளர்த்தவள்.

முறத்தில் அந்தச் சிவப்புத் துணியை வைத்தவளும் அவள்தான் என்பதை நான் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மறந்துவிட்டிருந்தால் துணி வைத்திருக்க மாட்டாள். சொல்ல முடிந்திருந்தாலும் வைத்திருக்க மாட்டாள். நம் வீடுகளில் ஆவியை விரட்ட யாரும் மந்திரவாதியைத் தேடுவதில்லை. ஆண்டுதோறும் கூப்பிட்டுப் பால் வைக்கிறோம், அவள் எப்படிச் செத்தாள் என்பதை மட்டும் விட்டுவிட்டு. பழிவாங்க வரும் துரைசானியைப் பார்த்துச் சேலத்துக்காரர்கள் அறுபது பேர் சிரித்தார்கள் என்றால் அதில் எனக்கு வியப்பில்லை. அதே அறுபது பேர் அந்த வெளிறிய சதுரத்தின் முன் வாயடைத்துப் போனார்களே, அவரவர் வீட்டுச் சுவர் நினைவுக்கு வந்திருக்கும்.

அந்த இரண்டு லட்சத்தில் ஒரு ரூபாயைக்கூடக் கிராபிக்ஸில் போடாதீர்கள், ஒலியில் போடுங்கள். ஏற்காட்டு இரவுக்கு நீங்கள் ஓநாய் ஊளையைச் சேர்த்திருக்கிறீர்கள். அங்கே நான் தங்கிய எந்த இரவிலும் அதைக் கேட்டதில்லை. மூடுபனி சில்வர் ஓக் இலைகளில் தங்கித் தகரக் கூரையில் ஒவ்வொரு சொட்டாக விழுவதைக் கேட்டிருக்கிறேன். காப்பித் தோட்டத்துக்குள் காட்டெருமை மூச்சு விடுவதை, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மனிதர் பெருமூச்சு விடுவதுபோலக் கேட்டிருக்கிறேன். பூச்சிகளின் இரைச்சல் சட்டென்று நின்றுபோவதும் ஓர் ஒலிதான். நல்ல ஒலிப்பதிவாளர் ஒருவரை ஒரு வாரம் அங்கே உட்கார வையுங்கள்.

காட்டாமல் பயமுறுத்துவது பணமில்லாதவர்களின் பழைய வழி. 1942ல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் நீச்சல் குளத்தில் தனியாக இருப்பாள். தண்ணீரின் வெளிச்சம் கூரையில் ஆடும், நிழல் ஒன்று சுவரில் நகரும், உறுமல் கேட்கும், அவ்வளவுதான். ஓரன் பெலி ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யைத் தன் சொந்த வீட்டிலேயே ஏழு நாளில் எடுத்தார். செலவு சுமார் 15,000 டாலர். ஸ்டாண்டில் நிறுத்திய கேமரா அசையாமல் படுக்கையறையைப் பார்த்துக்கொண்டிருக்கும், கதவு ஒரு சாண் நகரும். பார்க்கிறவர் திரையின் மூலை முடுக்கெல்லாம் தேடித் தேடித் தன்னைத்தானே பயமுறுத்திக்கொள்வார். உங்கள் பெரியம்மா வீட்டுச் சுவரும் அதையே செய்கிறது. கேமராவை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே விட்டிருக்கலாம்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவரை ஒரு நாள் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் அந்த நுழைவாயில் வளைவு வரை கூட்டிக்கொண்டு போங்கள். 1935ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய நிறுவனம், நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். மாயக் குகையும் திருடர்களும் நிறைந்த ஒரு கதையைத்தான் 1956ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக எடுத்தார்கள். மந்திரக் கதைதானே என்று ஏனோதானோவென்று எடுத்திருந்தால் இன்று யார் நினைவில் இருக்கப்போகிறது? பேய்க்கதை நம் பாட்டிமார் சொன்ன கதை. வெளிப்படையாகச் சொல்ல முடியாததைச் சொல்ல அவர்களுக்கு இருந்த ஒரே மொழியும் அதுதான்.

கடைசியாக ஒன்று. சுவரில் இருந்த சதுரம் அங்கேயே இருந்தது என்று கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வசனம் எழுதித் தரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் “குழம்பு ஆறிவிடும்” என்பது உங்கள் பெரியம்மா தானாகவே சொன்னது. படப்பிடிப்பு முடிந்த பிறகாவது அது யார் படம் என்று அவரிடம் கேட்டீர்களா?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கேமரா இல்லாமல் போங்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அதைப் படத்தில் வைக்கலாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். சொல்லவில்லையென்றால் இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொள்ளுங்கள். எடிட்டரிடம் மட்டும் இன்றைக்கே பேசிவிடுங்கள். அந்த நான்கு நிமிடத்தில் ஒரு நொடிகூடக் குறையக் கூடாது.

அன்புடன்