இட்லிப்பூ வேலி மஞ்சளாகுது, பூவும் இல்ல

கேள்வி: உடுமலை பக்கம் தோட்டத்து வீடுங்க. காம்பவுண்ட் சுவரை ஒட்டி 60 அடிக்கு செவப்பு மினி இட்லிப்பூ வெச்சு ரெண்டு வருசமாச்சு. கொழுந்தெல்லாம் மஞ்சளா வருது, பூ பேருக்குத்தான். போர் தண்ணிதான் விடறோம். யூரியா போட்டும் மாறல. என்ன பண்றது?

பதில்: வணக்கங்க. மொதல்ல யூரியாவ நிறுத்துங்க. தழைச்சத்து பத்தலன்னா அடி இலைதான் மொதல்ல மஞ்சளாகும், உங்களுக்கு கொழுந்துல ஆரம்பிக்குது, நரம்பு மட்டும் பச்சையா கோடு கோடா தெரிஞ்சா அது இரும்புச்சத்து கோளாறுதான். மண்ணுல இரும்பு இருக்கும், ஆனா சுண்ணாம்பு ஜாஸ்தியான மண்ணுல வேரால அத எடுக்க முடியாது. இட்லிப்பூவுக்கு மண்ணோட பிஹெச் (புளிப்பு, கார அளவு) 5லருந்து 6 வரைக்கும்தான் புடிக்கும். நீங்க சுவரை ஒட்டி வெச்சிருக்கீங்க, கட்டும்போது விழுந்த சிமெண்ட் கலவையெல்லாம் அங்கதான் புதைஞ்சு கெடக்கும், அதுக்கு மேல உப்புத் தண்ணி வேற. சுவரோரம் ஒரு கைப்பிடி மண்ண எடுத்து எலுமிச்சை சாறு விட்டுப் பாருங்க, பொசுபொசுன்னு நுரைச்சா சுண்ணாம்பு இருக்குன்னு அர்த்தம்.

இப்போதைக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் ஆசிட், மருந்து இலைல ஒட்டறதுக்கான ஒட்டுப்பசை கொஞ்சம் கலந்து சாயங்காலமா இலைல அடிங்க, 15 நாள் விட்டு இன்னொரு தடவை. சுவர்ல பட்டா துருக்கறை லேசுல போகாது, பெயிண்ட் புதுசுன்னா சாக்கு கட்டிட்டு அடிங்க. மண்ணுக்கு இரும்பு குடுக்கணும்னா செலேட்டுன்னு கெடைக்கற இரும்பு உரத்துல ஈடிடிஏ (EDTA) வகை வேணாம், சுண்ணாம்பு மண்ணுல நிக்காது, ஈடிடிஹெச்ஏ (EDDHA) கேட்டு வாங்குங்க, வெலை கூடத்தான். பழைய இலை முழுசா தேறாது, புதுக்கொழுந்து பச்சையா வருதான்னு மட்டும் பாருங்க.

ஸ்ப்ரே தற்காலிகம்தான். மழைக்காலத்துல செடியோரம் சிமெண்ட் கலவைய நோண்டி எடுத்துட்டு செம்மண்ணும் நல்லா மக்குன தொழு உரமும் போடுங்க, மாடி மழைத்தண்ணிய ஒரு பைப் வெச்சு அந்தப் பக்கம் திருப்பி விட்டா இன்னும் நல்லது. சாம்பல் மட்டும் போட்றாதீங்க, அதுவும் சுண்ணாம்பு மாதிரி பிஹெச்ச ஏத்திரும். இனிமே வெச்சா சுவர்லருந்து ரெண்டடி தள்ளி வைங்க.

பூ விசயம் வேற. மொட்டு கிளை நுனிலதான் வரும், ஆளை விட்டு வாராவாரம் பொட்டி மாதிரி கத்திரிச்சா வர்ற மொட்டெல்லாம் தரைலதான் கெடக்கும் (ரிசார்ட்ல பாதி பேரு இதத்தான் பண்றாங்க). ஒரு பூ சுத்து முடிஞ்சதும் லேசா வெட்டுங்க, போதும். நெழல் விழுந்தாலும் பூ கொறையும். எறும்பு ஏறுதுன்னா இலைக்கு அடில மாவுப்பூச்சி, செதில்பூச்சி இருக்கான்னு திருப்பிப் பாத்துருங்க.