கண்ணாடியில் மோதிய குட்டைவால் குருவி

நேற்று இரவு கிணத்துக்கடவு வீட்டுக்குள் புகுந்து கண்ணாடியில் மோதிய குருவிக்கு அரிசி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. பச்சை முதுகு, கண்ணோரம் கருப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு என்றால் அது ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இராத்திரியில் பறந்து ஐப்பசி வாக்கில் நம்ம பக்கம் வரும். சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்கிற பறவை. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, சத்தமில்லாத இடத்தில் மூடி வையுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். தெளிந்துவிட்டால், பூனை இல்லாத தோப்பு நிழலில் பெட்டியைத் தரையில் வைத்துத் திறங்கள். இதேபோல் நாங்கள் எங்கள் தோப்பில் விட்ட குருவி, குட்டை வாலை மெல்ல மேலும் கீழும் ஆட்டிவிட்டுத்தான் சருகுக்குள் தத்திப் போனது.