கிளைமேட் படித்தால் வேலை கிடைக்குமா? திருப்பூர் அப்பா ஒருவருக்கு

வணக்கம் அண்ணா. நீளமாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் விஷயம் ஒன்றுதான். பாப்பா பிளஸ் டூ முடித்துவிட்டு காலநிலை மாற்றம் சம்பந்தமாகத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், நீங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறீர்கள், வீட்டில் சரியாகப் பேச்சுவார்த்தை இல்லை. "மரம் நடுற வேலைக்கு யாருங்க சம்பளம் தருவாங்க?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மரம் நடுவதற்குச் சம்பளம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். பாப்பா கேட்பது அதை இல்லை. இத்தனை வருடமாகச் சாயப்பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறீர்களே, உங்கள் கண்முன்னால் தினமும் நடப்பதுதான் அவள் படிக்க ஆசைப்படும் பாடம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பாப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

நம் நொய்யல் ஆற்றின் கதையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சில வருடங்களிலேயே சாயத் தண்ணீர் தேங்கும் இடமாகிப் போனது, சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாயின, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், பல வருட வழக்குக்குப் பிறகு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இதில் எது சூழல் பிரச்சினை, எது பணப் பிரச்சினை, எது சமூகப் பிரச்சினை என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம். கிணறு கெட்டதால் காட்டை விட்டுப் பனியன் கம்பெனிக்கு வந்த குடும்பத்துக்கே, பட்டறை மூடியதும் கூலியும் நின்றது.

அப்புறம் என்ன ஆனது? ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற முறை வந்தது. சாயக் கழிவை ஆர்.ஓ.வில் பிரித்து, மிச்சமாகும் உப்புத் தண்ணீரை எவாபரேட்டரில் ஆவியாக்கி, உப்பைத் தனியே எடுத்து மறுபடியும் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் அந்த எவாபரேட்டருக்கு எவ்வளவு கரண்ட் போகிறது, பாய்லருக்கு எவ்வளவு விறகு போகிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆற்றைக் காப்பாற்ற எரிபொருளை எரிக்கிறோம், எரிபொருள் எரிந்தால் கார்பன், கார்பன் கூடினால் சூடும் மழையும் தாறுமாறு, மழை தவறினால் மறுபடியும் தண்ணீர்ப் பஞ்சம். பிரிக்க முடியாத கலப்பு உப்பு வேறு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஒரு பக்கம் சரிசெய்தால் இன்னொரு பக்கம் புடைக்கிறது. பாடப் புத்தகத்தில் இதைச் சமூகம், பொருளாதாரம், ஆற்றல், சூழலியல் என்று நாலு அத்தியாயமாகப் பிரித்திருப்பார்கள், உங்கள் பட்டறையில் நாலும் ஒரே பைப்பில் ஓடுகிறது.

சரி, காற்றாலை போட்டால் தீர்ந்ததா? பாலக்காட்டுக் கணவாய் வழியாக மே மாதம் முதல் செப்டம்பர் வரை காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது, உடுமலை, பல்லடம் பக்கம் மில்காரர்களே 1990களிலிருந்து காற்றாலை வைத்திருக்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரியில்? காத்தாடி சும்மா நிற்கும். சோலார் பகலில் மட்டும், பட்டறையோ ராத்திரியும் ஓடும். அதனால்தான் மின்சாரத்தைச் சேமித்து வைப்பது இன்றைக்குப் பெரிய வேலையாகியிருக்கிறது. ஆழியாறுக்கு மேலே காடம்பாறையில், கரண்ட் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கும் நிலையம் 1980களின் கடைசியிலிருந்தே இருக்கிறது. அங்கே சுற்றுலா போயிருந்தாலும் அது எதற்கென்று யாரும் பாப்பாவுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நிலம் இன்னொரு சிக்கல். சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கிலோவோல்ட் மின்பாதை இழுத்தபோது கொங்குப் பகுதி முழுக்க விவசாயிகள் உயர்மின் கோபுரத்துக்கு எதிராகப் போராடியது நினைவிருக்கும். நாடு முழுக்கக் கரண்டைக் கொண்டுபோக மின்பாதை வேண்டும், காட்டுக்காரருக்கோ தென்னை வைக்கிற இடமும் நிலத்தின் விலையும் போகிறது. காங்கேயம் பக்கம் கொரங்காடுகள், அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலங்கள், வெளியூர்க்காரர் கண்ணுக்குத் தரிசு, சோலார் பேனல் பரப்ப வாகான இடம். அங்கே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் காங்கேயம் மாடும் சேர்ந்து பிழைக்கின்றன என்று எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு மாடும் தெரிய வேண்டும், மெகாவாட்டும் தெரிய வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இன்றைக்கு மிகவும் குறைவு.

ராஜஸ்தானில் மின்கம்பியில் மோதிச் சாகும் கானமயில் பறவைக்காக உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது, 2024இல் அந்தத் தீர்ப்பில்தான் காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படுவது அடிப்படை உரிமை என்று கோர்ட் சொன்னது. ஒரு பறவை, ஒரு மின்பாதை, அரசியலமைப்புச் சட்டம். சட்டம் படித்தவருக்கும் இதில் வேலை இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது பணம். 2022 மே மாதம் பஞ்சு விலை கண்டிக்கு (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது எத்தனை நிட்டிங் யூனிட் திணறியது! விளைச்சல் குறைந்ததும் அதற்கு ஒரு காரணம். அப்புறம் வெயில். தகர ஷெட்டுக்குள் அயர்ன் டேபிள் பக்கத்தில் நிற்கும் ஒடிசா, பீகார் தொழிலாளிக்கு ஏப்ரல் மாதம் என்ன செய்யும் என்று நீங்கள் பார்க்கிறீர்கள். தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ இரும்பு, அலுமினியம், சிமென்ட் இறக்குமதிக்கு கார்பன் கணக்குக் கேட்கத் தொடங்கி, 2026 ஜனவரியிலிருந்து வரும் சரக்குக்கு அந்தக் கார்பனுக்குப் பணமும் கட்ட வேண்டும் என்ற கட்டத்துக்கு வந்துவிட்டது. துணி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 2024இல் அவர்கள் கொண்டுவந்த இன்னொரு சட்டத்தில், பொருளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கேட்கும் வரிசையில் துணிக்கு முன்னுரிமை. ஒரு பனியனுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கரண்ட், என்ன கெமிக்கல் என்று வாங்குகிற வெளிநாட்டு பையர் கேட்கும்போது பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? இப்போது பல கம்பெனிகளில் மெர்ச்சண்டைசரோ அக்கவுண்ட்ஸ் பையனோதான் தலையைச் சொறிந்துகொண்டு அந்தப் படிவத்தை நிரப்புகிறார்கள்.

வேலை இருக்கிறது. ஆனால் பாப்பா நினைப்பது போல "கிளைமேட்" என்ற பெயரில் இல்லை. விளம்பரத்தில் எனர்ஜி ஆடிட்டர் (கரண்டும் எரிபொருளும் எங்கே வீணாகிறது என்று கணக்கெடுப்பவர்) என்று இருக்கும், சுத்திகரிப்பு நிலையத்துக்கு புராசஸ் இன்ஜினியர் என்று இருக்கும், பேங்கில் ரிஸ்க் அனலிஸ்ட் என்று இருக்கும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, 2022-23இலிருந்து பங்குச் சந்தையில் உள்ள முதல் ஆயிரம் பெரிய கம்பெனிகளுக்கு நிலைத்தன்மை (சஸ்டெய்னபிலிட்டி) அறிக்கையைக் கட்டாயமாக்கியதும் அந்த அறிக்கை எழுதும் வேலைகள் குவிந்தன. அவற்றின் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை, வெட்டி ஒட்டுகிற வேலை அதில் பாதி, அந்தப் பாதியை கம்ப்யூட்டரே செய்யத் தொடங்கிவிட்டது. மீட்டரை நேரில் போய்ப் படித்துக் கணக்கை நிரூபிக்கத் தெரிந்தவர்தான் நிலைப்பார்.

அதனால் என் கருத்தை நேராகச் சொல்கிறேன். பதினேழு வயதில் "சஸ்டெய்னபிலிட்டி", "கிளைமேட்" என்று நீளப் பெயர் வைத்த புதுப் பட்டத்தில் சேர்க்காதீர்கள். சில தனியார் கல்லூரிகள் பழைய பாடத்துக்குப் புதுச் சட்டை மாட்டிக் கட்டணத்தைக் கூட்டியிருக்கின்றன. நாளைக்கு அரசுத் தேர்வு எழுதப் போனால் அறிவிப்பில் அந்தப் பட்டப் பெயர் இருக்காது, அது வழக்கமான பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் அரசாணை இருக்கிறதா என்று அலைய வேண்டும். முதல் பட்டம் கெட்டியான ஒரு அடிப்படைப் பாடமாக இருக்கட்டும், காலநிலையை முதுகலையில் வைத்துக்கொள்ளலாம்.

பாப்பாவுக்கு கெமிஸ்ட்ரி பிடிக்கும், கணக்கு பரவாயில்லை என்கிறீர்கள். என் முதல் தேர்வு கெமிக்கல் இன்ஜினியரிங், கட் ஆஃப் இடம் கொடுத்தால் சென்னை ஏ.சி. டெக் (அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி). எவாபரேட்டரைக் குறைந்த கரண்டில் ஓட்டுவது எப்படி, அந்தக் கலப்பு உப்பை என்ன செய்வது என்பதெல்லாம் கெமிக்கல்காரர் தீர்க்க வேண்டிய கணக்குதான். எலக்ட்ரிக்கலும் நல்லது, கரண்ட் துறை மொத்தமும் மாறிக்கொண்டிருக்கிறது. டிகிரிக்குப் பிறகு கொஞ்சம் அனுபவத்தோடு மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் நடத்தும் எனர்ஜி ஆடிட்டர் தேர்வை எழுதலாம். அது நல்ல மதிப்புள்ள சான்று.

இன்ஜினியரிங் வேண்டாம் என்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகம், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி இரண்டும் பக்கத்திலேயே. பொருளாதாரத்தை நம் ஊரில் யாரும் மதிப்பதில்லை, அது தப்பு. பி.ஏ. எகனாமிக்ஸ் ஒழுங்காகப் படித்து, புள்ளியியலும் கற்றுக்கொண்டு, சென்னை மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற இடத்தில் சுற்றுச்சூழல் பொருளாதாரம் வரை போனால், யாருக்கு எவ்வளவு இழப்பு, யார் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போடும் இடத்துக்கு வருவாள்.

உங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ்? அவளுக்கு விருப்பம் இருந்தால் அதுவும் வழிதான். நாளைக்குக் காற்று எவ்வளவு அடிக்கும் என்று கணித்து மின்வாரியத்துக்குச் சொல்வதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை. விருப்பமில்லாமல் தள்ளினால் நாலு வருடம் அரியரோடு போராடுவாள், அப்புறம் இருவருக்கும் வருத்தம். எதைப் படித்தாலும் எக்செல்லும் கொஞ்சம் பைத்தானும் கற்கட்டும்.

சம்பளம் பற்றி மறைக்க மாட்டேன். ஐ.டி. போல முதல் மாதமே பெரிய தொகை வராது. ஆலோசனை நிறுவனங்களில் ஆரம்பம் சுமார்தான், தொண்டு நிறுவனங்களில் அதைவிடக் குறைவு, முதுகலையும் அனுபவமும் சேர்ந்த பிறகே ஏறும். வீட்டுக் கடனுக்கு அவள் சம்பளத்தை எதிர்பார்க்கிறீர்கள் என்றால் அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். பொண்ணு காடு மேடு அலையணுமா என்ற பயத்துக்கு: கொஞ்சம் அலையத்தான் வேண்டும். உங்கள் கம்பெனிக்கு ஆடிட்டுக்கு வருகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், பயம் பாதியாகும்.

ரிசல்ட் வருவதற்குள் ஒன்று செய்யுங்கள். பட்டறையின் கரண்ட் பில் ஒரு வருடத்துக்கானதை வாங்கிவந்து பாப்பா கையில் கொடுங்கள். யூனிட், டிமாண்ட் சார்ஜ், பவர் ஃபேக்டர் ஒவ்வொன்றும் என்ன என்று அவளே கண்டுபிடிக்கட்டும், எந்த மாதம் ஏன் கூடியது என்று உங்களிடம் கேட்கட்டும். முதலாளி அனுமதித்தால் சுத்திகரிப்பு நிலையத்தையும் சுற்றிக் காட்டுங்கள். வரும் வழியில் நஞ்சராயன் குளம், 2024இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, அங்கேயும் ஒரு நடை. இதெல்லாம் முடிந்த பிறகும் அவளுக்கு ஆர்வம் இருக்கிறதா என்று பாருங்கள். மேடைப் பேச்சில் வந்த ஆர்வம் என்றால் மூன்றாவது பில்லிலேயே சலித்துவிடும்.

கடைசியாக நீங்கள் கேட்ட ஃபீஸ் விஷயம். பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம் எல்லாவற்றிலும், கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்தால் அந்தச் சலுகை போய்விடும், யாராவது ஏஜென்ட் போன் செய்தால் வைத்துவிடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றிதழை தலைமை ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள், பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியிலும் வாங்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்துக்குப் பதிவு செய்தால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும், அதற்கு ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருக்க வேண்டும்.