குறைந்த காசில் தொடர் எடுக்க ஆசை. பழைய இயக்குநர்களில் யாருடைய வேலையைப் பார்த்துப் பழகலாம்?

ஸ்பென்சர் கோர்டன் பென்னட். சினிமாப் பைத்தியங்களுக்கே அவ்வளவாகத் தெரியாத பெயர்தான். ஆனால் ஹொலிவூட்டில் தொடர்ப்படங்களை அவரளவுக்கு எடுத்துத் தள்ளிய இயக்குநர் வேறு இல்லை.

ரி.வி. வருவதற்கு முந்திய காலம். வாரம் ஒரு அத்தியாயம், தியேட்டரில். கதாநாயகன் சாகப்போகிற இடத்தில் 'தொடரும்' போட்டுவிடுவார்கள். மிச்சத்துக்கு அடுத்த வாரம் திரும்ப டிக்கெட் எடுக்க வேண்டும்.

பென்னட் 1893இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். சினிமாவுக்குள் வந்தது ஸ்டண்ட் ஆளாக; எடிசன் கம்பெனிப் படத்துக்காக ஹட்சன் ஆற்றோரப் பாறையிலிருந்து குதித்தவர். (எங்கள் திருகோணமலையின் கடலோரப் பாறைப் பிளவான இராவணன் வெட்டில் நின்று கீழே எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தத் துணிச்சலின் பெறுமதி விளங்கும்.) பிறகு தொடர் இயக்குநர் ஜோர்ஜ் சைட்ஸிடம் உதவியாளர். 1925இல் 'த கிரீன் ஆர்ச்சர்' எடுக்கும்போது அவரே இயக்குநர்.

நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, கொலம்பியா படக் கம்பெனியில் தயாரிப்பாளர் சாம் காட்ஸ்மனுக்கு அவர் செய்த வேலை. காட்ஸ்மன் காசை இறுக்கிப் பிடிக்கிற மனிதர். 1948இல் தோமஸ் கார் என்ற இயக்குநருடன் சேர்ந்து எடுத்த 'சூப்பர்மேன்', 15 அத்தியாயம். பறக்க வைக்க வசதி இல்லை. சூப்பர்மேனாக நடித்த கேர்க் அலின் ஓடிவந்து எழும்புவார், உடனே கார்ட்டூன் உருவமாக மாறிப் பறப்பார். இறங்குவது ஏதாவது ஒரு மறைவுக்குப் பின்னால். அங்கிருந்து நிஜ ஆள் எழும்பி வருவார். இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். அன்றைக்குப் படம் நன்றாகவே ஓடியது.

இன்னொரு வித்தை, பழைய படச்சுருளை வெட்டி ஒட்டுவது. 1956இல் வந்த அவருடைய 'பிளேசிங் த ஓவர்லேண்ட் ட்ரெயில்'தான் ஹொலிவூட்டின் பெரிய கம்பெனிகள் எடுத்த கடைசித் தொடர்ப்படம். அதில் குதிரைக் கூட்டம், சண்டை எல்லாம் பெரும்பாலும் 1939இல் எடுத்த வேறொரு தொடரில் இருந்தவை. பழைய காட்சியில் இருந்தவர்கள் போட்டிருந்த அதே மாதிரி உடுப்பைப் புது நடிகர்களுக்கும் போட்டுவிட்டார்கள். தூரத்தில் பழைய ஆள், கிட்டத்தில் புது ஆள்.

இதைத்தான் திருகோணமலையில் யூடியூபுக்குத் தொடர் எடுக்கிற நாங்களும் செய்கிறோம். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும்போது தெரு நிறையச் சனம். அப்படி ஒரு கூட்டத்தைக் காசு கொடுத்துக் கூட்ட எங்களால் ஏலாது. கதை எழுத முதலே கமராவோடு போய் எடுத்து வைத்துவிடுவோம், அதற்குள் எங்கள் பெடியன் ஒரு நீலச் சட்டையோடு நடப்பான். பிறகு எந்த எபிசோடில் கூட்டம் தேவைப்பட்டாலும் அதே நீலச் சட்டை. உப்புவெளிக் கடற்கரைக் காட்சி என்றால் எல்லா எபிசோடுக்கும் உரியதை ஒரே மூச்சில் முடித்துவிடுவது. அதற்குக் காசு மட்டும் காரணமில்லை. கதாநாயகனுக்குக் கட்டார் விசா எப்போது வருமென்று யாருக்குத் தெரியும்?

பென்னட் 1965இல் இரண்டு கவ்பாய் படங்களோடு நிறுத்திக்கொண்டார், 1987இல் காலமானார். பெரிய கலைஞர் என்று நான் சொல்லமாட்டேன். பாத்திரங்களுக்கு மனசு என்று ஒன்று இருப்பதாகவே அவர் படங்களில் தெரியாது. நடிப்பைப் படிக்க வேறு ஆளைத் தேடுங்கள்.

'சூப்பர்மேன்' தொடரில் தொடங்குங்கள். ஆனால் ஒரே இருப்பில் பார்க்காதீர்கள், ஒவ்வொரு அத்தியாயமும் போன வாரக் கதையைத் திரும்பச் சொல்லி அலுப்படிக்கும். நாளுக்கு ஒன்று போதும்.