நடுக்கடல் மோதலுக்கு யார் நீதிபதி?

கேள்வி: திமிங்கில வேட்டைக் கப்பலை நடுக்கடலில் ஆர்வலர்கள் மறித்தால், வழக்கு எந்த நாட்டில்?
- ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: 200 கடல் மைலுக்கு அப்பால், கப்பல் எந்த நாட்டுக் கொடியோ அந்த நாட்டுச் சட்டம்தான். மோதலென்றால் கேப்டன் மீது குற்ற வழக்குப் போட, கொடி நாட்டுக்கும் அவருடைய சொந்த நாட்டுக்கும் மட்டுமே உரிமை (கடல் சட்ட உடன்படிக்கை, பிரிவு 97). 2010 ஜனவரி 6, அண்டார்டிக் கடலில் ஜப்பானின் 'ஷோனன் மாரு 2' மோதி, ஆர்வலர்களின் 'ஏடி கில்' படகின் முகப்பு துண்டானது. படகு நியூசிலாந்துக் கொடி. அந்நாட்டு விசாரணை இரு தரப்பையுமே குறை சொன்னது. அதற்கு முன்பே படகின் கேப்டன் அந்த ஜப்பானியக் கப்பலில் ஏறியிருந்தார். கொடி மாறியது, சட்டமும் மாறியது: டோக்கியோவில் தண்டனை!

ஆர்வலர்களின் வழிகளில் அதிகம் பலித்தது, திமிங்கிலத்தை மேலே இழுக்கும் தாய்க்கப்பலின் பின்புறச் சரிவை ஒட்டியே ஓடி மறிப்பது. நாற்றமடிக்கும் பியூட்ரிக் அமில பாட்டில் வீச்சு வெறும் தொல்லை. புரொப்பல்லரில் சிக்க கயிறு போடுவதோ ஆபத்து. வலை சுற்றி நின்ற விசைப்படகு நம் துறைமுகத்துக்குப் புதிதல்ல; பனிக்கடலில் இழுத்துவரத்தான் ஆளிருக்காது.

2019 ஜூலை முதல் ஜப்பான் தன் 200 கடல் மைல் எல்லைக்குள்தான் வேட்டையாடுகிறது.