எந்தக் கடவுள் என்று கேட்ட பேத்தி

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். பேத்தியின் பள்ளிச் சுவரில் 'கடவுளையே நம்புகிறோம்' என்ற அமெரிக்க தேசிய வாசகத்தை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். யாரோ நன்கொடையாகக் கொடுத்ததாம். "தாத்தா, இது எந்தக் கடவுள், நம் கெங்கையம்மனா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மருமகனோ அந்த வாசகத்தையே மாற்ற வேண்டும் என்கிறார். தெய்வத்தின் பெயர் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நம் 'வாய்மையே வெல்லும்' கூட உபநிடத வாக்குதானே?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

நான் உங்கள் மருமகன் பக்கம். மாற்றத்தான் வேண்டும்.

அது ஆதி காலத்து வாசகம் அல்ல. உள்நாட்டுப் போரின் நடுவே, 1864இல், இரண்டு சென்ட் நாணயத்தில் முதலில் ஏறியது. தேசிய வாசகம் ஆனது 1956 ஜூலையில்தான். நாத்திக சோவியத்திலிருந்து தங்களை வேறுபடுத்திக் காட்ட அமெரிக்கா துடித்த நாட்கள் அவை. அவர்களின் அரசு முத்திரையில் 1782 முதலே 'பலவற்றிலிருந்து ஒன்று' என்ற லத்தீன் தொடர் இருக்கிறது. எனவே புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. மூத்தது வீட்டிலேயே இருக்கிறது.

பக்தரான உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த வாசகத்தை எதிர்த்து வழக்கு வந்தபோது, 1970இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் காப்பாற்றியது. எப்படி? இது தேசபக்திச் சடங்கு போன்றது, மத வழிபாட்டோடு தொடர்பற்றது என்று சொல்லி. கடவுளின் பெயர் டாலர் நோட்டில் நீடிக்க, அந்தப் பெயருக்குப் பொருளே இல்லை என்று வாதாட வேண்டியிருக்கிறது. எனக்கு இது பெரிய அவமரியாதையாகப் படுகிறது. நாணயத்தில் அந்த வாசகத்தைப் பொறிப்பது தெய்வ நிந்தனைக்கு அருகில் வரும் என்று 1907இலேயே குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் எழுதினார்.

அடுத்த முறை வேலூர் வரும்போது கோட்டைக்குள் நிதானமாக நடந்து பாருங்கள். ஒரே அகழிக்குள் ஜலகண்டேசுவரர் கோயில், மசூதி, தேவாலயம். 1806இல் அங்கிருந்த சிப்பாய்களுக்கு உத்தரவு வந்தது: நெற்றிக் குறியை அழி, தாடியைத் திருத்து, தோல் சேர்த்த புதுத் தலைப்பாகையை அணி. ஜூலை 10 விடியுமுன் இந்துவும் முஸ்லிமும் சேர்ந்தே எழுந்தார்கள். நெற்றியில் இருப்பதை அழிக்கச் சொன்ன அதே அதிகாரம்தான், வேறொரு நாளில், எல்லோர் நெற்றியிலும் ஒரே குறியை இடவும் சொல்லும். இரண்டையும் நான் எதிர்ப்பேன்.

நம் அரசியல் நிர்ணய சபையிலும் இந்தக் கேள்வி வந்தது. 1949 அக்டோபர் 17 அன்று முகவுரையைக் 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என்றார் சபை உறுப்பினர் எச்.வி. காமத். ஆதரவு 41, எதிர்ப்பு 68. எதிர்த்தவர்களில் பட்டம் தாணுப் பிள்ளை நம்பிக்கையாளர். ஆனாலும் இது நம்பிக்கையில் கட்டாயம் ஆகிவிடும் என்றார். பதவிப் பிரமாணத்தில் மட்டும் இரு வழிகளைத் திறந்து வைத்தார்கள்: கடவுளின் பெயரால், அல்லது உளமார. அழகான ஏற்பாடு அது.

'வாய்மையே வெல்லும்' முண்டக உபநிடதத்திலிருந்து வந்ததுதான். ஆனால் அதைச் சொல்ல எவரும் எந்தத் தெய்வத்தையும் ஏற்க வேண்டியதில்லை. பேரணாம்பட்டில் தோல் பதனிடுபவரும் உங்கள் ஊர்த் தீப்பெட்டித் தொழிலாளியும் மனம் உறுத்தாமல் சொல்லலாம். அந்த வாசகம் உள்ள தமிழக அரசுச் சின்னத்தில் கோபுரம் இருக்கிறதே என்று கேட்டால், ஆம், என் வாதம் தடுமாறும் இடம் அது, மறைக்க மாட்டேன். சிஎம்சி மருத்துவமனை 'ஊழியம் கொள்ள அல்ல, ஊழியம் செய்யவே' என்ற விவிலிய வரியை ஏந்துவதில் எனக்கு மறுப்பே இல்லை. அது நம்பிக்கையால் எழுந்த நிறுவனம். நாட்டில் பிறக்கும் குழந்தை அப்படி எதையும் தேர்ந்தெடுத்து வருவதில்லை.

டெக்சாஸில் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, நன்கொடையாக வந்த அந்த வாசகத்தைப் பள்ளி மாட்டியே ஆக வேண்டும். அதை மாட்டியவர் மனதில் கெங்கையம்மன் இருந்திருக்க மாட்டாள். பேத்திக்கு அதுவும் ஒரு நாள் புரியும். அதற்குள் ஒரு வைகாசியில் சிரசுத் திருவிழாவுக்கு அவளை அழைத்து வந்துவிடுங்கள். அவளுடைய அம்மனை அவள் அங்கே பார்க்கட்டும்.

அன்புடன்.