மென்பொருள் கம்பைலரின் மேம்படுத்தல்கள் உயர்நிலை வன்பொருள் தொகுப்புக்கும் பொருந்துமா?

சி மொழி நிரலிலிருந்து நேரடியாக மின்னணுச் சுற்றுகளை உருவாக்குவதே உயர்நிலை வன்பொருள் தொகுப்பு. நிரலைச் செயலிக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலரின் வழக்கமான மேம்படுத்தல்கள் இங்கும் பயன்படுமா என்பது கேள்வி. பயன்படும், விடிஸ் எச்எல்எஸ், லெக்அப் போன்ற கருவிகள் எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பின் மீதுதான் கட்டப்பட்டுள்ளன. ஆனால் எதற்கு எவ்வளவு செலவாகும் என்ற கணக்கு இங்கே மாறிவிடுகிறது.

8-ஆல் பெருக்குவது செயலியில் ஓர் இடநகர்வுக் கட்டளை. சுற்றிலோ கம்பிகளை மூன்று இடம் தள்ளி இணைப்பதுடன் வேலை முடிந்துவிடும். பிட் அகலப் பகுப்பாய்வுக்கு நான் இன்னும் அதிக மதிப்புக் கொடுப்பேன்: லூப்பை (திரும்பத் திரும்ப இயங்கும் நிரல் பகுதியை) எண்ணும் மாறியின் மதிப்பு 0-இல் தொடங்கி 100-ஐத் தாண்டாது என்று கம்பைலர் கண்டுகொண்டால், கூட்டல் செய்ய 32 பிட் கூட்டிச் சுற்றுக்குப் பதிலாக 7 பிட் கூட்டியே போதும்.

லூப்பின் உள்ளடக்கத்தைப் பல நகல்களாக்கி ஒரே நேரத்தில் இயக்க முயலும் லூப் விரித்தலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு வரிசையின் உறுப்புகளைக் கூட்டும் லூப்பை 8 மடங்கு விரித்தாலும், அந்த வரிசை படிக்கவும் எழுதவும் இரண்டு வாயில்கள் மட்டுமே கொண்ட ஒரே பிளாக் ராமில் (சில்லுக்குள் இருக்கும் சிறு நினைவகத்தில்) இருந்தால், ஒரு கடிகாரத் துடிப்பில் இரண்டு உறுப்புகளுக்கு மேல் படிக்க முடியாது. வரிசையைப் பல நினைவகங்களாகப் பிரித்த பிறகே விரித்தல் முழுப் பலன் தரும். மிதவைப் புள்ளி (தசம) எண்களானால் இன்னொரு தடையும் உண்டு: ஒரு கூட்டலுக்கு 4 துடிப்புகள் தேவைப்பட்டால், முந்தைய கூட்டுத்தொகைக்காகக் காத்திருக்கும் பைப்லைன் (உறுப்புகளை அடுத்தடுத்து ஏற்றுச் செயல்படும் படிநிலைச் சுற்று) 4 துடிப்புக்கு ஒருமுறைதான் அடுத்த உறுப்பை ஏற்கும். கூட்டும் வரிசைமுறை மாறினால் விடையின் கடைசி இலக்கங்கள் மாறக்கூடும் என்பதால் கம்பைலர் பொதுவாக அதைத் தானாக மாற்றுவதில்லை. பகுதித் தொகைகளைத் தனித்தனி மாறிகளில் நாமே எழுதிக் கொடுப்பது நல்லது.